கிளிக்கூடு என்று நான் சொன்னது

எனக்கு உட்காரத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால்கூடப் பாதியில் எழுந்துபோய் எதையாவது நகர்த்தி வைத்துவிட்டு வருவேன். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே வெளியே போய் நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவளைப் போன ஜனவரிக் கடைசியில், மாங்காய் இறங்க ஆரம்பித்த வாரத்தில், ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பாலக்காட்டுப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடையில் என் வீட்டுக்காரர் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். காய் வந்து இறங்கும் ஷெட் என் பொறுப்பு. தரம் பிரிப்பது, பெட்டியில் காகிதம் விரித்து அடுக்குவது, லாரி ஏற்றுவது எல்லாம் என் கண் முன்னால்தான் நடக்கும். என் வாய் முன்னால் என்று சொன்னாலும் தப்பில்லை. அன்றைக்கு யாரையோ திட்டிக்கொண்டே வேகமாக நடந்தவள், தரையில் நசுங்கிக் கிடந்த காயை மிதித்து வழுக்கி விழுந்தேன். வலது பாதத்தில் எலும்பு விட்டுவிட்டது. கொல்லங்கோட்டு டாக்டர் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார். "ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது" என்றார். ஆறு வாரம் கழித்து நான் எழுந்தால் பாதி சீசன் போயிருக்கும் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுப் பின்புறம் ஓடு வேய்ந்த வராண்டா. எதிரே வேலி ஓரமாக நாலு மாமரம், கொஞ்சம் தள்ளி ஒரு கொய்யா, வண்டு விழுந்து தலை போன இரண்டு தென்னை. என் நாற்காலிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடலாம், அடர்ந்து கிடக்கும் ஒரு செம்பருத்தி. அங்கே உட்கார்ந்து ஷெட்டுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தேன். அந்த லாரி வந்ததா, காகிதம் தீர்ந்ததா, எவள் இன்றைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து நின்றார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

"ஏனம்மிணி, நீ பேசறதைக் கேட்டு முடிக்கறதுக்கே அங்க ஒரு ஆளு தனியாப் போடோணும்னு சொல்றாங்க" என்றார். "கொஞ்சம் சும்மா இரு."

சும்மா இரு! அழுகை வந்துவிட்டது எனக்கு. போனைத் தூக்கி மேஜைமேல் வீசினேன். அப்போதுதான் வராண்டா உத்தரத்திலிருந்து தொங்கும் ஒயரைப் பார்த்தேன். பெயின்ட் அடித்தபோது பல்பைக் கழற்றியவர்கள் மறுபடி மாட்டவில்லை. அதன் நுனி முடிச்சில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பறவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. தேன்சிட்டு.

பெட்டைதான் கட்டியது. சிலந்தி வலையை அலகில் இழுத்து வந்து ஒயரில் சுற்றும், போகும். நார், சருகு, பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் வரைக்கும் கொண்டுவந்து ஒட்டியது. ஒரு நாள் பூராவும் எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து அரை மணி நேரத்தில் விட்டுவிட்டேன், அவ்வளவு நடை. ஆண் என்ன செய்தது? முதுகில் கருஞ்சிவப்பும் நெஞ்சில் மஞ்சளுமாக மினுக்கிக்கொண்டு துணி காயப்போடும் கம்பிமேல் நின்று கத்தியது. பெட்டை போனால் கூடப் போகும், வந்தால் கூட வரும். அலகில் ஒரு துரும்பு கிடையாது. "துரை, ஒரு நாராவது தூக்குங்க" என்று நான் சொல்வது அடுத்த வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எட்டு நாளில் கூடு முடிந்தது. பார்த்தால் குப்பை ஒன்று ஒயரில் சிக்கிக்கொண்டது மாதிரிதான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேலே மழைக்கு ஒரு சின்னக் கூரை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை வேலை செய்கிற ஒன்றை வேறு எப்படிப் பார்ப்பது?

அதற்குப் பிறகு என் அதிகாரம் முழுவதும் வராண்டாவுக்கு வந்துவிட்டது. ஒட்டடை அடிக்கக் கூடாது என்றேன். வீட்டில் எங்கே சிலந்தி வலை இருந்தாலும் அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு. மாசி மாரியம்மன் நோம்பிக்கு முன்னால் வீட்டை வழித்துத் துடைப்பது எங்கள் பக்கம் வழக்கம். நாத்தனார் அதற்கென்றே கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திறங்கினார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, கால்தான ஒடிஞ்சுது? நோம்பி வருது, ஊடு இப்படியா கெடக்கோணும்? சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்தா என்ன நெனைப்பாங்க?"

"அவங்க ஊட்டுக்குள்ள இருந்துட்டுப் போகட்டும். வராண்டாப் பக்கம் ஒட்டடைக் குச்சி வந்தா நான் பொல்லாதவளாயிருவேன்."

"இப்ப மட்டும் நீ நல்லவளாக்கும்" என்று சொல்லிவிட்டு, முன்பக்கத்து அறைகளை மட்டும் அடித்துவிட்டு, சாப்பிடாமல் போனார். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

ஒரு மண் தட்டில் தண்ணீர் வைக்கச் சொன்னேன். தினமும் காலையில் கழுவி மாற்ற வேண்டும், அரைவிரல் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. இன்னொரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வைத்தேன். தேன்சிட்டுதானே, தேன் குடிக்கும் என்கிற புத்தி. அதை எறும்புதான் குடித்தது. முட்டை பொரிந்த பிறகு பார்க்கிறேன், குஞ்சுகளுக்குத் தேனாவது ஒன்றாவது! சின்னப் பச்சைப்புழு, சிலந்தி, கொசு மாதிரி எதுவோ, இதைத்தான் அவை அலகில் கொண்டுவந்தன. ஆணும் கொண்டுவந்தது, அதைச் சொல்ல வேண்டும். குஞ்சு வந்த நாளிலிருந்து துரை ஓடி ஓடி வேலை செய்தார். நான் திட்டியதையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மருந்து விஷயம் அப்போதுதான் ஆரம்பித்தது. பூவும் பிஞ்சுமாக நிற்கும் மரத்துக்குத் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்காத தோப்பு இந்தப் பக்கத்தில் கிடையாது. வீட்டு வேலி ஓரத்து நாலு மரத்துக்கும் அதே கணக்குதான்.

"ஏனுங்க, இந்த நாலு மரத்துக்கு மட்டும் மருந்து வேண்டாமுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"மருந்தடிக்காம காய் எப்படி நிக்கும்?"

"நிக்கறது நிக்கட்டும். புழு செத்தா சிட்டு குஞ்சுக்கு எதைத் தின்னக் கொடுக்கும்?"

அவர் கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தன வருசத்துல மருந்து வேண்டாம்னு நீ சொல்லி இப்பத்தான் கேக்கறன்" என்றார். ஆனால் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட்டு நாலு மரத்தையும் காட்டி விட்டுவிடச் சொன்னார்.

அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெம்மாறைப் பக்கத்து மலையாளி, என் வயதுதான் இருக்கும். ஆறு வருஷமாக எங்கள் தோப்புகளில் மருந்தடிப்பது, மரம் ஏறுவது, கவாத்து எல்லாம் அவர் கைதான். நான் அவரை சேட்டா என்பேன், அவர் என்னைச் சேச்சி என்பார். நான் தமிழில் சொல்வேன், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இங்கே எல்லாரும் அப்படித்தான், யாருக்கும் எதுவும் புரியாமல் போனதில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. என்னிடம் யார்தான் எதிர்த்துப் பேசினார்கள்?

குஞ்சு பொரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. காகம் வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்தால் ஊன்றுகோலால் தூணைத் தட்டுவேன். செம்போத்து ஒன்று வேலியில் மெதுவாக நடந்து வரும். அதன் சிவப்புக் கண்ணைக் கண்டாலே ஊன்றுகோலைக் கையில் எடுத்துவிடுவேன், சத்தமில்லாமல் கூட்டுக்குள் தலையை விட்டுவிடுகிற ஜாதி அது. குளிக்கப் போனால்கூட உள்ளேயிருந்து "காகம் இருக்குதா பாருங்க" என்று கத்துவேன். குஞ்சு இரண்டு. வாசலில் இரண்டு மஞ்சள் வாய் தெரியும். கட்டுப் பிரிக்கிற நாளும் குஞ்சுக்கு ஒன்பதாம் நாளும் ஒன்றாக வந்தது. இன்னும் ஒரு வாரம் தாண்டிவிட்டால் பறந்துவிடும். அந்த ஒரு வாரம், அது மட்டும் தாண்ட வேண்டும்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தன பச்சைக்கிளிகள்.

மருந்து படாத மரமென்று எப்படித்தான் தெரியுமோ, விடிந்தால் ஒரு கூட்டம் கீச்சென்று வந்து இறங்கிவிடும். ஒரு காயையாவது முழுசாகத் தின்றால் மனசு ஆறும். ஒரு கடி, கீழே எறி. அடுத்த காய், ஒரு கடி, கீழே எறி. மரத்தடியில் கடிபட்ட காய் சிதறிக் கிடக்கும். எழுந்து கல்லெடுக்க முடியாமல் நாற்காலியில் இருந்தே கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. தலை போன தென்னையில் பொந்து பார்த்துக் குடித்தனமும் வைத்துவிட்டன.

"உன்ற சிட்டுக்கு ஒரு நாயம், கிளிக்கு ஒரு நாயமா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"சிட்டு என்ன மாங்காயா திங்குது?" என்று எரிந்து விழுந்தேன்.

கட்டுப் பிரிக்கப் போகிற காலை. ஆட்டோ வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் முன்னால் போய் ஏறி உட்கார்ந்துவிட்டார். சேட்டன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கிளி, கடித்த காயைச் சரியாக என் முன்னால் போட்டது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"சேட்டா, இந்தக் கிளிகளோட என்னால முடியலீங்க. ஊட்டைச் சுத்தி ஒரு கிளிக்கூடு இருக்கப்படாது. எங்க இருந்தாலும் எடுத்து வீசிருங்க. நான் வர்றப்ப ஒண்ணு கண்ணுல பட்டா அப்பறம் பாருங்க!"

அவர் ஏணியைக் கீழே இறக்கினார். "ஒக்கெயோ சேச்சி?" என்றார். எல்லாமா என்று.

"எல்லாம்தான்!" என்று கத்திவிட்டு, ஊன்றுகோலை இடித்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினேன்.

தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளி. மலையாளத்தில் கிளி என்றால் பறவை, எந்தப் பறவையும். பச்சைக்கிளிக்கு அவர்கள் தத்த என்பார்கள். தேன்சிட்டு அவர்களுக்குத் தேன்கிளி. பிறந்ததிலிருந்து இந்த எல்லையில் இருக்கிற எனக்கு இது தெரியாதா? குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் என் தமிழ் தெரியும். ஆனால் கோபத்தில் கத்தும்போது வாயில் வருவது அவரவர் சொல். அதைக் கேட்டுப் பயப்படுகிறவன் காதில் விழுவதும் அவனவன் சொல்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, காத்திருந்து, கட்டை வெட்டிப் பிரிக்க மதியம் ஆகிவிட்டது. பாதம் வெளுத்துச் சுருங்கி யாருடையதோ மாதிரி இருந்தது. தரையில் வைத்தேன். வலித்தது, ஆனால் நின்றது. கூச்சமில்லாமல் டாக்டர் எதிரிலேயே அழுதேன். வழியெல்லாம் நாளைக்கே ஷெட்டுக்குப் போவதைப் பற்றித்தான் பேச்சு. வீட்டுக்காரர் உம் கொட்டிக்கொண்டே வந்தார்.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து, ஊன்றுகோல் இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனேன். உத்தரத்தில் ஒயர் இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டின துண்டு மட்டும் நின்றது. பெட்டைத் தேன்சிட்டு, அலகில் ஒரு புழுவோடு, கூடு இருந்த இடத்தில் காற்றில் சிறகடித்து நின்றது. போனது. மறுபடி வந்து அதே இடத்தில் நின்றது.

என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. சேட்டன் வேலிப் பக்கமிருந்து ஓடி வந்தார்.

"கூடு எங்கீங்க?"

"சேச்சி பறஞ்ஞதல்லே?" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. "கிளிக்கூடு ஒக்கெ எடுக்கான் சேச்சி பறஞ்ஞதல்லே?"

"கிளியைச் சொன்னேன்! கிளி! பச்சைக்கிளி!"

"தத்தயோ?" என்றார் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஈஸ்வரா. தத்தயெயாணோ பறஞ்ஞது!"

குஞ்சுகளைத் தேடித் தரையைப் பார்த்தேன். அவரே கொய்யா மரத்தைக் காட்டினார். அங்கே, என் உயரத்துக் கிளையில், வெட்டின ஒயரோடு கூட்டைக் கட்டித் தொங்க விட்டிருந்தார். மலையாளத்தில் அவர் சொன்னதன் சுருக்கம் இது: காலையில் மற்றக் கூடுகளையெல்லாம் எடுத்துவிட்டார். இதை எடுக்க மனசு வரவில்லை. சேச்சி ஆறு வாரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தாளே, இதையுமா என்று மத்தியானம் வரைக்கும் யோசித்திருக்கிறார். போன் செய்து கேட்கலாமா என்றும் நினைத்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் கத்துவாள் என்று விட்டுவிட்டார். வரும்போது கண்ணில் பட்டால் என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் நாங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வெட்டினார். வீசவில்லை. உள்ளே இரண்டு உயிர் அசைந்தது, கட்டி வைத்தேன் என்றார்.

"கூட்டை இங்க கொண்டு வாங்க, சீக்கிரம்" என்றேன். வீட்டுக்காரர் ஏணி பிடித்தார். கட்டு பிரித்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிச்சுருள் என் கையில் இருந்தது. அதைக் கிழித்து, பழைய ஒயர்த் துண்டோடு சேர்த்து, அதே உயரத்தில், வாசல் அதே திசை பார்த்து இருக்கும்படி கட்டினார் சேட்டன். "இடப்பக்கம் கொஞ்சம், இல்ல, அதிகமாப் போச்சு" என்று நான் கத்தவில்லை. கத்துகிற தெம்பு இல்லை. மூன்று பேரும் சமையலறைக்குள் போய் ஜன்னல் ஓரம் நின்றோம்.

வரவில்லை. பெட்டை கம்பியில் வந்து உட்கார்ந்து, அந்த வெள்ளைத் துணியைப் பார்த்து மிரண்டு, பறந்தது. துணியை மடித்து மறைத்திருக்கலாமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். வந்தது, போனது. கால் விண்விண் என்று தெறித்தது, உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வாசலில் ஒரு மஞ்சள் வாய் எட்டிப் பார்த்துத் திறந்தது. அதற்குச் சத்தம் இருந்ததோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை, பெட்டைக்குக் கேட்டிருக்கிறது. விருட்டென்று வந்து கூட்டின் வாசலைப் பற்றிக்கொண்டு தலையை உள்ளே விட்டது. அடுத்து துரை வந்தார், அலகில் ஒரு சிலந்தியோடு.

நான் வாய்விட்டு அழுதேன். "சேட்டா, நீங்க வீசியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றேன்.

"ஆறு கொல்லமாயி" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சேச்சி பறஞ்ஞது ஞான் கேள்க்காதிருந்நது இதொந்நு மாத்ரம்." ஆறு வருஷத்தில் நான் சொன்னதை அவர் கேட்காமல் இருந்தது இது ஒன்றுதான்.

அவர் முதலில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மற்றக் கூடுன்னா என்ன கூடுங்க?" என்று கேட்டேன்.

அவர் வராண்டாவுக்குப் போய் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். செம்பருத்தியின் நடுவில் கிளையை விலக்கிக் காட்டினார். சின்னக் கிண்ணம் வைத்து எடுத்தது போல் ஒரு இடம் காலியாக இருந்தது. கொண்டைக்குருவிக் கூடாம், மூன்று முட்டையாம். குப்பைக்குழியில் போய்ப் பார்த்தேன், மூன்றும் உடைந்து கிடந்தன. வீட்டு முன்பக்கத்து எலுமிச்சையில் இருந்த தவிட்டுக்குருவிக் கூடு நல்லவேளை பழசு, காலி. தென்னைப் பொந்தில் கை விட்டால் பாம்பு இருக்குமென்று அதை மட்டும் தொடவில்லையாம். பச்சைக்கிளிகள் சௌக்கியமாக இருந்தன.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு தாய் அடைகாத்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. என் கண் ஒயரை விட்டு நகரவில்லை. சாயங்காலம் இரண்டு கொண்டைக்குருவிகள் வந்தன, வாலடியில் சிவப்போடு. செம்பருத்திக்குள் நுழையும், வெளியே வரும், கம்பியில் உட்கார்ந்து கத்தும், மறுபடி நுழையும். உள்ளே போய் டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். அப்படியும் கேட்டது.

அடுத்த நாள் ஷெட்டுக்குப் போய்விட்டேன், யார் சொல்லியும் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து அந்தச் செம்பருத்தியைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் நிஜம். வராண்டாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சேட்டனிடம் விட்டேன். காலையும் மாலையும் போன் செய்வேன். தேன்சிட்டு தீனி கொடுக்கிறதா, செம்பருத்திக்கு எதாவது வந்ததா. இரண்டும் கேட்பேன்.

ஆறாம் நாள் காலை, லாரி ஏற்றுகிற இரைச்சலுக்கு நடுவில் அவரே கூப்பிட்டார்.

"சேச்சி, கிளி போயி."

"எந்தக் கிளி? எங்க போச்சு?" என்று கத்தினேன். ஷெட்டில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம்முடெ தேன்கிளி. பறந்நு போயி, சேச்சி. ரண்டும் பறந்நு!"

பக்கத்தில் இருந்த காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் ஓடி வந்து என்ன ஆச்சு அக்கா, கால் வலிக்குதா என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"செம்பருத்தியில?" என்றேன்.

அவர் நடந்துபோய்க் கிளையை விலக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"இல்ல, சேச்சி" என்றார். "ஒந்நும் வந்நிட்டில்ல."